துண்டோடு வந்தவர்களே, கொஞ்சம் கேளுங்கள்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, வெயிலையும் என்னையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டிருக்கும் எங்கள் ஏரி மீட்புக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா அவர்களே; நெடுந்தூரம் பயணம் செய்து வந்து, நெடுநேரமாகக் கொடிக்கயிற்றையே பார்த்தபடி அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர், நீர்வளத் துறைத் தலைமைப் பொறியாளர் அம்மையார் அவர்களே; முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே; ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பிள்ளையின் மாற்று உடுப்பையும் பிடித்திருக்கும் தாய்மார்களே; கரையைக் காத்த காளையரே, கசடை அள்ளிய கன்னியரே, கடைசி வரிசையில் நின்றாலும் கிண்டலில் முதல் வரிசையில் நிற்கும் தம்பிமார்களே; இன்றைக்கு ஏரியில் இறங்கியே தீருவது என்று தோளில் துண்டோடு வந்திருக்கும் என் ஊர்ப் பெருமக்களே, உங்கள் அனைவரின் பாதங்களையும், அவை இன்னும் நனையவில்லை என்பதை மனத்தில் கொண்டு, சற்றுக் கூடுதலாகவே பணிந்து வணங்குகிறேன்.

என்னம்மா? சுருக்கமாப் பேசணுமா? அதைத்தான் என் வீட்டிலும் சொல்லி அனுப்பினார்கள்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னை நாவலர் என்று அறிவித்தார்கள், நீங்களும் கைதட்டினீர்கள், நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். ஆனால் நான் பேச்சாளன் ஆனது நாக்கால் அல்ல, மைக்கால். இந்த ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை என்னுடையது ஒன்றுதான். எந்த விழாவானாலும் மைக் என்னுடையது, பெட்டி என்னுடையது, ஒயர் என்னுடையது. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லத் தொடங்கியவன், யாரும் தடுக்காததால் அப்படியே மேலே பேசிக்கொண்டு போனேன். என் இலக்கிய வாழ்வு அவ்வளவுதான். ஸ்விட்சும் என் காலடியிலேயே இருப்பதால் என்னை நிறுத்தவும் வழியில்லை. தலைவர் ஐயா அதை எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. கால் எட்டாது ஐயா, உட்காருங்கள்.

இந்த மேசைக்கு அடியில் ஒரு துணிப்பை இருக்கிறது. பைக்குள் இரண்டு கொடிகள். பச்சை ஏறினால் ஏரியில் இறங்கலாம். நீந்தலாம், நீராடலாம், பிள்ளைகள் தண்ணீரை வாரி இறைத்து விளையாடலாம். சிவப்பு ஏறினால் ஒரு கால்விரல்கூட நனையக் கூடாது. இன்று எது ஏறும் என்று அறிவிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஒரு நொடி போதும். சொல்லும் துணிச்சல் வரத்தான் நேரம் பிடிக்கிறது. அதுவரைக்கும் பேசிக்கொண்டிருக்கிறேன். பின்னால் யாரோ "விளங்கிரும்" என்கிறார். நன்றி தம்பி, மனம் திறந்து பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

பெருமக்களே, இந்த ஏரி எப்படி இருந்தது? இதில் வந்து விழும் ஆறுதான் எப்படி இருந்தது? ஆறு என்றால் அலை புரளும், நம் ஆற்றில் நுரை புரண்டது. ஆறு என்றால் மீன் துள்ளும், நம் ஆற்றில் செருப்பு துள்ளியது. சாயப்பட்டறையில் நீலம் பிழிந்தால் ஆறு நீலம், மஞ்சள் பிழிந்தால் ஆறு மஞ்சள். அடுத்த மாதம் கடையில் எந்த நிறச் சட்டை வரும் என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். பேருந்து பாலத்தில் ஏறும்போது பயணிகள் ஜன்னலை மூடுவார்கள். கண்டக்டர் சீட்டுக் கிழிப்பதை நிறுத்திவிட்டு மூக்கைப் பிடிப்பார். அந்த ஆறு சுமந்து வந்ததையெல்லாம் வாங்கி வயிற்றில் வைத்துக்கொண்டது இந்த ஏரி.

கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவியிடம், "நம்ம வீடு ஏரியைப் பார்த்த வீடு" என்று நான் பெருமையடித்திருந்தேன். வந்த முதல் நாள் அவள் ஆசையாக அந்த ஜன்னலைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே சாத்தினாள். பிறகு திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பெருமையடிக்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது. நான் மேடைக்கு ஓடி வருவதற்குக் காரணம் இப்போது புரிகிறதா?

அந்த ஏரியை மீட்டது யார்? நானா? சேற்றில் இறங்கியவர்கள் நீங்கள். நாணல் நட்டவர்கள் நீங்கள். தெருத்தெருவாக நடந்து, பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, ஆற்றிலும் ஏரியிலும் கள்ளத்தனமாக விழுந்துகொண்டிருந்த ஒவ்வொரு கழிவுக் குழாயையும் தேடித் தேடி அடைத்தவர்கள் நீங்கள். நான் ஒரே ஒரு கூடை சேறு அள்ளினேன். வழுக்கி விழுந்தேன். என்னைத் தூக்குவதற்காக மற்றவர்கள் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. "அண்ணே, நீங்க கரையிலயே நின்னு பேசுங்கண்ணே, அதுவே பெரிய ஒத்தாசை" என்றார்கள். பேசினேன். "அள்ளுங்கள் தோழர்களே, அழுக்கை அகற்றுங்கள் தோழர்களே" என்று கண்ணை மூடிக்கொண்டு முழங்கினேன். கண்ணைத் திறந்தால் கரையில் ஒரு நாய் மட்டும் நிற்கிறது. வேலை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அந்த நாய்க்கும் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். ஏனென்றால் இனி சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பும் இதே கரையில் ஒரு திறப்பு விழா நடந்தது. அப்போது இருந்தது வேறொரு குழு. மிதந்த குப்பையை அள்ளினார்கள், படிக்கட்டுக்கு வண்ணம் அடித்தார்கள், தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது. சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்காதீர்கள். தெளிந்திருந்தால் சுத்தம் என்று அவர்களும் நம்பினார்கள், நாமும் நம்பினோம். அன்று ஓடிப்போய்க் குதித்த பிள்ளைகளில் நம் தையல்கடை அக்காவின் மகளும் ஒருத்தி. சாயங்காலமே வாந்தி. காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பிள்ளை பிழிந்துபோட்ட துணிபோலக் கிடந்தது. பிழைப்பாளா என்று டாக்டரைக் கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதன் பிறகு அக்கா ஏரிப் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டிலிருந்து கடைக்கு இந்தக் கரை வழியாகப் போனால் பக்கம். அவர் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

இந்த இரண்டு கொடிகளையும் தைத்துத் தந்தவர் அந்த அக்காதான். கேட்கப் போனபோது மிஷினை நிறுத்தாமலேயே பேசினார்.

"யாரு சொன்னா எந்தக் கொடி ஏறும்?"

"தண்ணியைச் சோதிச்சுப் பார்த்துத்தான்க்கா ஏத்துவோம்" என்றேன்.

"அன்னைக்கும் சுத்தம்னு வாய் கூசாமத்தான் சொன்னாங்க" என்றார். ஆனாலும் தைத்துக் கொடுத்தார்.

இன்றைக்கு, இத்தனை ஆண்டு கழித்து, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பிள்ளை போட்டிருக்கும் நீச்சல் உடுப்பு அக்கா கையால் தைத்தது. காலையில் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, "மாமா, எப்ப இறங்கலாம்?" என்று கேட்டாள். நான் அவசரமாக ஒயரைச் சரிசெய்யப் போய்விட்டேன். ஒயரில் ஒரு கோளாறும் இல்லை.

தண்ணீரைச் சோதிப்பவர் வேறு யாருமல்ல, என் மனைவி. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். படிக்கட்டில் இறங்கிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, வட்டமான சின்னத் தட்டில் விட்டு, கதகதப்பான பெட்டிக்குள் ஒரு நாள் வைத்திருப்பாள். மனிதக் கழிவு கலந்திருந்தால் தட்டில் நீலநீலமாகப் புள்ளிகள் பூக்கும். தொடக்கத்தில் தட்டு முழுக்க நீலம்தான். நீங்கள் குழாய்களை அடைக்க அடைக்கப் புள்ளிகள் குறைந்தன. நாணல் வேர் பிடிக்கப் பிடிக்க இன்னும் குறைந்தன. கடைசியில் ஒரு நாள், "இப்ப இறங்கலாங்க" என்றாள். அந்தச் சொல்லை நம்பித்தான் இந்த விழாவுக்கே நாள் குறித்தோம்.

இனி நான் விவரிக்கப்போவது நம் குழுவால் மட்டுமே நிகழ்த்த முடிந்த அரும்பெரும் சாதனை. வேறு எந்த ஊர்க் குழுவுக்கும் இந்தத் திறமை வாய்க்காது.

விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "பேசப் போறது யாரு?" "அடியேன்தான்" என்றேன். "அப்ப கட்டாயம் கழிப்பறை வேணும்" என்றார். அது தீர்மானமாகவே நிறைவேறியது. எதிர்த்து ஒரு குரல் இல்லை. இந்த மேடைக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறதே, அந்தத் தற்காலிகக் கழிப்பறைகள், அவை என் பேச்சாற்றலுக்கு இந்த ஊர் எழுப்பிய நினைவுச் சின்னம்.

முந்தாநாள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கழிவைப் பிடிக்கும் தொட்டி விழா நாள் காலையில்தான் வரும் என்றார்கள். பிளம்பர் தம்பி வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டம் பார்த்தார். பார்ப்பதற்கு வசதியாகக் குழாயின் வாயைப் பக்கத்து மழைநீர்க் கால்வாயில் திருப்பி வைத்தார். "அண்ணே, தொட்டி வர்ற வரைக்கும் யாரும் உள்ள போக மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். "யாருப்பா போகப் போறா? விழாவே அன்னைக்குத்தானே" என்றேன். அவர் என் பேச்சை நம்பினார். அது அவருடைய தப்பு.

அன்று மாலையே எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இத்தனை பெரிய விழா, இத்தனை பெரிய உரை, ஒத்திகை பார்க்காமல் விடலாமா? நாற்காலி இறக்கியவர்கள், மேடை கட்டியவர்கள், தொண்டர்கள் எல்லாரையும் இங்கேயே உட்கார வைத்தேன். டீ கொடுத்தேன். இன்னொரு டீயும் கொடுத்தேன். முழு உரையையும் ஒரு வரி விடாமல் நிகழ்த்தினேன். அருமையான உரை. தண்ணீரின் தாய்மையைப் பற்றி நான் உருகி உருகிப் பேசிய இடத்தில் ஒவ்வொருவராக எழுந்து மேடைக்குப் பின்னால் போனார்கள். பொங்கி வரும் கண்ணீரை மறைக்கத்தான் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். எத்தனை மென்மையான உள்ளங்கள் என்று எண்ணி, அந்தப் பகுதியை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

அந்த மழைநீர்க் கால்வாய் எங்கே போய் விழுகிறது? வேறெங்கே? இதோ, நீங்கள் இறங்க வேண்டிய படிக்கட்டுக்குப் பக்கத்தில்.

ஊரிலுள்ள குழாயையெல்லாம் அடைத்தோம் பெருமக்களே. அடைத்துவிட்டுப் புதிதாக நாமே ஒன்றைத் திறந்துவிட்டோம். ஏரியின் திறப்பு விழாவுக்கு முன்பே சத்தமில்லாமல் நடந்து முடிந்த திறப்பு விழா அது. சாயப்பட்டறை கெடுத்தது, சாக்கடை கெடுத்தது என்று மேடை தோறும் முழங்கினேனே, கடைசியாகக் கெடுத்தது எது? என் சொற்பொழிவு.

நேற்றுக் காலையில் என் மனைவி வழக்கம்போலத் தண்ணீர் பிடித்துப் போனாள். இன்று காலை நான் கண்ணாடி முன் நின்று, "கடல் போல் திரண்டிருக்கும் மக்களே" என்று கையை விரித்துக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தாள். கையில் அந்தத் தட்டு. சமையல் மேடையில் வைத்தாள். நீலப் புள்ளிகள். மறுபடியும் நீலப் புள்ளிகள்.

"இன்னைக்கு யாரும் தண்ணியில இறங்கக் கூடாதுங்க."

"யாரும்னா?"

"யாரும்னா யாரும்தான். நீங்களும்தான்."

"எனக்கு நீச்சலே தெரியாது. நான் எதுக்கு இறங்கப் போறேன்?" என்றேன். ஒத்திகையைப் பற்றியும் டீயைப் பற்றியும் பிளம்பர் தம்பியைப் பற்றியும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவளுடைய நெற்றியில்தான்.

நான் சும்மா இருந்தேனா? எனக்குத்தான் மூளை இருக்கிறதே. "பச்சையும் இல்லாம சிவப்பும் இல்லாம, நடுவுல மஞ்சளா ஏதாவது ஏத்திரலாமா? முட்டி வரைக்கும் நனைக்கலாம்னு வச்சுக்குவோம்" என்றேன்.

"முட்டியளவு தண்ணியிலதாங்க குழந்தைங்க உக்காந்து குடிக்கும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

உடனே குழுவைக் கூட்டினோம். என் கடையின் பின்னறையில், ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பேசினோம். பிளம்பர் தம்பி அதற்குள் ஓடிப்போய்க் குழாயை அடைத்துவிட்டு வந்திருந்தார். நான் என் அடுத்த யோசனையை எடுத்து விட்டேன். "விருந்தினர் வந்துட்டாங்க, ஜனம் வந்துருச்சு, மானம் போயிரும். இப்போதைக்குப் பச்சையை ஏத்துவோம். கைதட்டு வாங்கிட்டு, கூட்டம் தண்ணிப் பக்கம் போறதுக்குள்ள ஏதாவது சொல்லி இறக்கிருவோம்."

தலைவர் ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நான் ஆயுசு முழுக்கச் சிக்னல் பார்த்தவன். பச்சை விழுந்தா வண்டி போகும். முன்னால பாலம் இருக்கான்னு எந்த டிரைவரும் இறங்கிப் பார்க்க மாட்டான்."

பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இதை ஊருக்கு யார் சொல்வது? என் மனைவிதான் பையை என் கையில் கொடுத்தாள். "நான் சொன்னா நாலு பேருக்குத்தான் கேக்கும். நீங்க பேசினா ஊருக்கே கேக்கும். ஒரு தடவையாவது உருப்படியா ஒண்ணு பேசிட்டு வாங்க" என்றாள்.

ஆகவே, என் உயிரினும் மேலான பெருமக்களே, சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஏரியில் யாரும் இறங்கக் கூடாது. இன்றைக்கு ஏறப்போவது சிவப்பு.

கத்துங்கள். உரிமையோடு கத்துங்கள். "இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்" என்று அங்கே ஒரு ஐயா துண்டை உதறுகிறார். நியாயமான கேள்வி ஐயா. பிள்ளைகள் அழுகிறார்கள். அழட்டும். இன்று படிக்கட்டில் நின்று அழுகிற பிள்ளை, நாளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அழ வேண்டாம். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பச்சையை ஏற்றத் தெரிந்தவர்கள் நாட்டில் எத்தனையோ பேர். பச்சைக்குக் கைதட்டு உண்டு, பச்சைக்குப் புகைப்படம் உண்டு, பச்சைக்குப் பாராட்டு உண்டு. சிவப்புக்கு என்ன உண்டு? ஏச்சு உண்டு, ஏளனம் உண்டு, இப்படி முகத்துக்கு நேரே துண்டை உதறுவதும் உண்டு. ஆனால் சிவப்பு ஏறவே ஏறாத கம்பத்தில் பச்சை ஏறினால் அதை யார் நம்புவார்கள்? ஒரு தாய் நம்புவாளா? தன் பிள்ளையின் கையை விடுவாளா? ஏறட்டும் சிவப்பு. வெட்கத்தோடு ஏறட்டும், வேதனையோடு ஏறட்டும், விருந்தினர் முன்னிலையில் ஏறட்டும்.

தொட்டி வந்துவிட்டது, குழாயும் மாறிவிட்டது. கால்வாயைக் கழுவி எடுக்கிறார்கள். என் மனைவி நாளையும் தண்ணீர் பிடிப்பாள், அதற்கு அடுத்த நாளும் பிடிப்பாள். தட்டு சுத்தமாக இருந்தால் பச்சை ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. பச்சை ஏறும் நாளில் விழா கிடையாது, மேடை கிடையாது, நான் பேசவும் மாட்டேன்.

இதற்கா இவ்வளவு பெரிய கைதட்டல்? இருபுறமும் விசில் வேறு. சரி, வாங்கிக்கொள்கிறேன். என் வாழ்நாளிலேயே பெரிய கைதட்டல் இதுதான்.

பொறியாளர் அம்மையார் எழுந்துவிட்டார். "நான் எத்தனையோ திறப்பு விழாவுக்குப் போயிருக்கேன், மூடுறதுக்குக் கூப்பிட்டது நீங்கதான். கொடியைக் கொடுங்க" என்கிறார். இதோ, கொடுக்கிறேன் அம்மா.

கொஞ்சம் பொறுங்கள். தையல்கடை அக்கா எழுந்திருக்கிறார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு... அக்கா, போயிடாதீங்க. உங்களுக்குக் கோபம் இருக்கும், நியாயம்தான். என்னை நாலு வார்த்தை திட்டணும்னாலும் இங்கேயே திட்டிட்டுப் போங்க. மைக்கை அவர்கிட்ட நீட்டுங்கப்பா. வேண்டாமா? மைக் இல்லாமலே சொல்றீங்களா? சொல்லுங்க.

...

பெருமக்களே, அக்கா சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அப்படியே திருப்பிச் சொல்கிறேன். என் சொந்தச் சரக்கு ஒன்றும் சேர்க்கவில்லை.

"அன்னைக்கு இப்படி ஒரு ஆள் மேடையேறிச் சொல்லியிருந்தா என் பொண்ணு கட்டில்ல கெடந்திருக்க மாட்டா. இவ்வளவு நாளும் இந்தக் கொடியை நான் நம்பல. தைச்சுக் குடுத்தேனே தவிர நம்பல. இன்னைக்கு நம்புறேன். பச்சை என்னைக்கு ஏறுதோ ஏறட்டும். அன்னைக்கு இவ கையை நான் பிடிச்சுக்க மாட்டேன். அவளே இறங்கட்டும்."

மகள் என்ன சொல்கிறாள்? "சரிம்மா" என்கிறாள். உதடு பிதுங்குகிறது, ஆனாலும் "சரிம்மா" என்கிறாள்.

இதற்கு மேல் பேச எனக்குத் தெரியவில்லை. நனையாத காலோடு திரும்பப்போகும் ஒவ்வொருவருக்கும் நன்றி. சேறு அள்ளிய கைகளுக்கு நன்றி. என்னை மறைக்க விடாத என் வீட்டுக்காரிக்கும் நன்றி. அம்மையார் அவர்களே, கயிற்றை இழுங்கள். அக்கா, நீங்களும் வாங்க, நீங்க தைச்ச கொடி, ஒரு கை பிடிங்க.

அனைவருக்கும் வணக்கம்.